ஒத்திப் பணத்தில் பத்தில் ஒன்று

முக்கொம்பில் இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்கே, பேரையும் மாற்றிக்கொள்ளலாமே என்று பாஸ்டர் பிரவீன்ராஜ் கேட்டார். எஸ்தர், ரூத், லீதியாள் என்று மூன்று பேர்களை எடுத்து வைத்தார். வள்ளிக்கண்ணு தலையைத் துவட்டிக்கொண்டே மூன்றையும் யோசித்துப் பார்த்தாள்.

"பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ்டர். ஆனா ரேஷன் கார்டு, ஆதாரு, பேங்க் புக்கு, இத்தனையும் யாரு அலைஞ்சு மாத்துறது? கர்த்தருக்கு என்னைய வள்ளிக்கண்ணுன்னே தெரியட்டும்."

எட்டு வருஷமாக அப்படியே இருக்கிறாள். தெப்பக்குளம் பக்கத்தில் பெரிய ஜவுளிக் கடை ஒன்றில் சேலை செக்‌ஷன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதுவரை நிற்க வேண்டும். முப்பது சேலையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்டுல கேட்டுட்டு வரேம்மா" என்று ஒரு மகராசி எழுந்து போனாலும் முகம் கோணாமல் மடித்து அடுக்குவாள். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பொறுமை எனக்கும் உங்களுக்கும் வராது.

சம்பளம் ஏறிய அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஏ.டி.எம்மில் எடுத்துக்கொண்டு, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்ததும், முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் உட்கார்வாள். பத்தில் ஒரு பங்கைப் பிரித்து, தசமபாகம் என்று அச்சடித்த சபைக் கவரில் போட்டு, பேரெழுதி ஒட்டிவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவாள். சிலிண்டர், பால், கரண்ட் பில், மகள் இளவேனிலின் ட்யூஷன் எல்லாம் அந்த மிச்சத்தில். மாசக் கடைசியில் ரசமும் சுட்ட அப்பளமுமாக ஓடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவள் அளந்துதான் போட்டாள். எதையெல்லாம் அளப்பது என்பதில்தான் அவளுக்குக் கோளாறு.

சம்பளம் மட்டும் என்றால் சரி. தீபாவளி போனஸில் பத்தில் ஒன்று. அரசாங்கம் மாசாமாசம் போடுகிற ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையில் நூறு. லால்குடியிலிருந்து அண்ணன் புளி கொடுத்தனுப்பினால் அதிலும் ஒரு உருண்டை பாஸ்டர் வீட்டுக்குப் போகும். கைக்கு வந்தது எதுவானாலும் பங்கு உண்டு, அவ்வளவுதான் அவள் சட்டம்.

புருஷன் அழகிரி சிரிப்பான். "நல்லவேள, கல்யாணத்துக்கு அப்புறம் சபைக்குப் போன. முன்னாடியே போயிருந்தா என்னையும் பத்துல ஒரு பங்கு வெட்டிக் குடுத்திருப்ப."

அழகிரி சபைக்குப் போகிறவன் இல்லை. மண்ணச்சநல்லூர் மில்களிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வந்து ஸ்ரீரங்கத்துக் கடைகளில் இறக்குகிற லோடு ஆட்டோ அவனுடையது. வண்டி முன்னால் சமயபுரத்தாள் படம், ஸ்டியரிங் பக்கத்தில் எலுமிச்சம்பழம். மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் நடந்தே போய் வருவான். வள்ளி சபைக்குப் போக ஆரம்பித்தபோது ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். அப்புறம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவள் சம்பளத்தில் அவள் என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். அவன் பணத்தில் கை வைக்கக் கூடாது. அந்த உடன்பாட்டில் இரண்டு சாமியும் ஒரே கூரைக்குக் கீழே சண்டையில்லாமல் இருந்தார்கள்.

அவள் கொடுத்ததற்கு பக்தி மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். பயமும் இருந்தது. இளவேனிலுக்கு ஒன்பது வயதில் டெங்கு வந்து, ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், டாக்டர் பேச்சைக் குறைத்துக்கொண்ட நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், கூட வேலை பார்க்கிற ஜோதி இவள் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். மறுநாள் பிள்ளைக்கு ஏற ஆரம்பித்தது. வள்ளி அன்றே முடிவு செய்துவிட்டாள். பிள்ளையைக் கொடுத்தவருக்குப் பங்கு கொடுக்காமல் ஒரு ரூபாயைக்கூடத் தொடுவதில்லை. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவே பயம்.

இப்போது ஒத்தி விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் இருந்த மாடிப் போர்ஷன் ஒத்திக்கு எடுத்தது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டால் மாச வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே தொகை கைக்கு வந்துவிடும். மூன்று லட்சம். அது அழகிரியின் அப்பா பங்கில் வந்த முக்கால் ஏக்கர் நிலத்தை விற்ற பணம். மூன்று வருஷம் நிம்மதியாக இருந்தார்கள். ஆனி மாசம் வீட்டுக்காரர் மாதவன் மாடிக்கு வந்து, பெங்களூரிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்துவிடப் போகிறான், வீடு வேண்டும் என்றார்.

அலைந்து திரிந்து திருவானைக்கோவில் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. கீழ்த்தளம், தனி பாத்ரூம், லோடு ஆட்டோ நிறுத்தத் தோதான சந்து. வீட்டுக்காரர் சர்ஃபராஸ், பாலக்கரையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். அதே மூன்று லட்சம்தான் கேட்டார்.

"புதன்கிழமை பணம் குடுத்துட்டு சாவி வாங்கிக்குங்க. வியாழக்கிழமைக்கு இன்னொரு பார்ட்டி ரெடியா நிக்குது" என்றார் அழகிரியிடம்.

புதனையே அழகிரியும் விரும்பினான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. அது மட்டுமில்லை, வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் குடி போனால் விளங்குமா? புதனை விட்டால் ஆவணிவரை பால் காய்ச்ச முடியாது. அதுவரை மாதவன் மகன் குடும்பம் தெருவிலா நிற்கும்? வள்ளிக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ஆனால் புருஷனை அந்த விஷயத்தில் அவள் சீண்டுவதில்லை.

மாதவன் நல்ல மனிதர். சாவியை வாங்குவதற்கு முன்பே, சனிக்கிழமை சாயங்காலம் மூன்று லட்சத்தையும் கொடுத்துவிட்டார். அழகிரி அதை அப்படியே வள்ளி கையில் கொடுத்தான். "பத்திரம்" என்றான். பீரோவில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் பணம் அவள் கையில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இளவேனிலுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ப்ளஸ் டூ படிக்கிற பெண், முனகிக்கொண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போட்டு, பால் வைத்துவிட்டு வள்ளி பீரோவைத் திறந்தாள். சேலை எடுக்கத்தான் திறந்தாள். மூன்று லட்சம் கண்ணில் பட்டது.

கைக்கு வந்த பணம். பங்கு கொடுக்காத பணம். ராத்திரி பூராவும் இந்த பீரோவுக்குள் இருந்திருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல்.

இந்த நாலையும் அவள் மனசு எப்படிக் கோத்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடுப்படியில் அழகிரி காபி ஆற்றிக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், அப்படி அவன் சொல்வது பிள்ளை தலையில் விடியும் என்று நினைத்தாள். முப்பதாயிரத்தை எண்ணி எடுத்துக் கவரில் வைத்தாள். திங்கட்கிழமை கடையில் அட்வான்ஸ் கேட்டு வாங்கி, புதனுக்குள் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

சபை என்பது திருவானைக்கோவிலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஹால். மழை பெய்தால் ஒழுகும், வெயில் அடித்தால் அவித்து எடுக்கும். கூரையை மாற்ற வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஜெபம் நடக்கிறது. அன்றைக்குக் காணிக்கை எடுத்து உள்ளே போய் எண்ணிவிட்டு வந்த பாஸ்டர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சபையாரே, பேர் சொல்ல வேணாம். ஒரு சகோதரி மூலமா கர்த்தர் நம்ம கூரைக்கு வழி திறந்துட்டார். முதல் பாதிக்கு ஷீட் வாங்கற அளவுக்கு. நாளைக்கே ஆர்டர் கொடுக்கறோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த இருசம்மாள், முதியோர் பென்ஷனில் காலம் தள்ளுகிற மனுஷி, வள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த மகராசி பெத்த மகராசியோ" என்று கண் கலங்கினாள். வள்ளிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்லவே மாட்டேன், நன்றாகவே பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்கு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள்.

திங்கட்கிழமை கடையில் ஃப்ளோர் மேனேஜர் கையை விரித்துவிட்டார். "ஆடித் தள்ளுபடிக்கு சரக்கு எறக்கிட்டு நாங்களே முழி பிதுங்கி நிக்கிறோம். ரெண்டு மாச சம்பளத்த அட்வான்ஸா கேக்குறீங்களேம்மா, நியாயமா?" ஜோதியிடம் இரண்டாயிரம் இருந்தது. இரண்டாயிரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அன்று சாயங்காலம் அழகிரி சீக்கிரமே வந்துவிட்டான். "பணத்த எடு வள்ளி. ஒருவாட்டி எண்ணிக் கட்டி வச்சிடுவோம்."

"முப்பதாயிரம் கொறையும்" என்றாள்.

"கொறையுமா? மாதவன் சாரு கொறைச்சா குடுத்தாரு?"

"அவரு சரியாத்தான் குடுத்தாரு. நான் எடுத்தேன். சபைக்கு."

அவன் பீரோவைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றவளுக்கு, அவன் கத்தாமல் பேசியது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒத்திப் பணம் வருமானமாடி? ஒரு வீட்டுலேர்ந்து எடுத்து இன்னொரு வீட்டுல வைக்கிற பணம். நடுவுல நாலு நாளு நம்ம பீரோல தூங்குது, அவ்ளோதான். அதுல எதுக்குப் பங்கு? கடத்தேங்காய எடுத்து வழிப்புள்ளையாருக்கு ஒடச்ச கதையால்ல இருக்கு! எங்கப்பன் வெயில்ல கருகுன நெலம் அது. உன் சம்பளத்துல ஒருநாளு ஒரு வார்த்த கேட்டிருக்கனா நான்?"

கேட்டதில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"நாளைக்கே பாஸ்டர்கிட்டப் போயி திருப்பி வாங்கிட்டு வந்துடறேங்க" என்றாள்.

அப்போதுதான் அவன் கத்தினான். "வாயக் கழுவு! சாமிக்குப் போட்டதத் திருப்பிக் கேக்குறதா? உண்டியல்ல போட்ட காச யாராவது கைய விட்டு எடுப்பானா? உன் சாமியா இருந்தா என்ன, எந்தச் சாமியா இருந்தா என்ன, சாமி சாமிதான். நேத்துதான் புள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கு. நான் வெளியில பெரட்டிக்கிறேன். நீ கேக்காத."

உள்ளே படுத்திருந்த இளவேனில் எழுந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "ட்யூஷன்ல என் பக்கத்துல ஒக்கார்ற பிள்ளைக்கு வந்து எனக்கு ஒட்டிக்கிச்சு. அவளுக்கும் நேத்தே சரியாயிடுச்சு. அவங்க வீட்டுல யாரும் யாருக்கும் முப்பதாயிரம் குடுக்கலம்மா."

"போடி உள்ள" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

மறுநாள் காலை அழகிரி மில்லிலிருந்து போன் செய்தான். மருதையிடம் பேசிவிட்டானாம். மருதை மில் வாசலில் டிரைவர்களுக்கு வட்டிக்குக் கொடுக்கிறவன். நூற்றுக்குப் பத்து, மாசத்துக்கு. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் பணம் தருகிறேன் என்றிருக்கிறான்.

வள்ளி போனை வைத்துவிட்டு, யாரோ கலைத்துப் போட்ட சேலைகளை மடித்தாள். முந்தியை முந்தியோடு சேர்த்து, கரை பிசகாமல் மடித்துக்கொண்டே மனசுக்குள் பேசிக்கொண்டாள். நூற்றுக்குப் பத்து. மருதையும் பத்தில் ஒன்றுதான் கேட்கிறான். ஒரு மாசம் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அவனிடம் பயப்படுவது சரி, அவன் அப்படிப்பட்டவன். நான் கர்த்தரிடமும் இப்படித்தானே பயந்துகொண்டிருக்கிறேன்? ஒரு தவணை விட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார் என்றுதானே எட்டு வருஷமாகக் கட்டிக்கொண்டு வருகிறேன்? பிழைக்க வைத்தவரை மருதையோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறேனே!

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முகம் சுட்டது. அவரைப் பற்றி அவ்வளவு கேவலமாக நினைத்திருந்தது இத்தனை நாள் தெரியவே இல்லை. எதிரே நின்ற ஒரு பெண் மயில்கழுத்துப் பச்சை கேட்டாள். இவள் அரக்குச் சிவப்பை எடுத்து விரித்தாள்.

தலைவலி என்று பர்மிஷன் சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினாள். பஸ்ஸில் அழகிரிக்கு போன் போட்டாள். "மருதைகிட்டப் பணம் வாங்காதீங்க. ஆர்.சி. புக்கக் குடுக்காதீங்க. நான் பாஸ்டர் வீட்டுக்குப் போறேன்."

"சொன்னா கேக்க மாட்டியா?"

"மாட்டேங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா அது என் தலையில" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொன்னாளே தவிர, காவிரிப் பாலம் தாண்டும்வரை பிள்ளை பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிக்கொண்டேதான் வந்தாள்.

பாஸ்டர் வீடு சபை ஹாலுக்குப் பின்னால் ஒட்டிய இரண்டு அறை. அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். வள்ளி டீயைத் தொடவில்லை. எப்படியோ ஆரம்பித்து, ஒத்தி என்றால் என்ன, அது யார் பணம், நாளைக்கு என்ன நாள் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். சொல்லி முடித்ததும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறவளுக்கு என்ன வசனம் வரப்போகிறதோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்டர் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ஊழியத்துக்கு வருவதற்கு முன் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். சம்பளம் என்றால் என்ன, மாசக் கடைசி என்றால் என்ன என்று தெரிந்தவர்.

"சிஸ்டர், கவரத் தொறந்து பார்த்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார். "உங்க மாசக் கவர் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? இது உங்க சக்திக்கு மீறினதுன்னு அந்த நிமிஷமே தோணுச்சு. வெளிய வந்து, என்னம்மா இது, வீட்டுல கேட்டீங்களான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. கேட்டா திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்குமேன்னு பயம். கூரை கண்ணுக்குள்ள நின்னுச்சு. மைக்கைப் புடிச்சு அல்லேலூயா சொல்லிட்டேன்."

ஷீட் கடைக்கு நேற்றே பணம் கட்டியாகிவிட்டது. பாஸ்டர் எழுந்து கடைக்காரருக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் சத்தம் வெளியே கேட்டது. ஆர்டர் கொடுத்துவிட்டு மறுநாளே வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், கோயில் காரியத்தில் இப்படியா என்று அவர் ஏகத்துக்கும் பேசினார். பாஸ்டர் "தப்புதான் அண்ணே, தப்புதான்" என்று அத்தனைக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்றானது.

"சபையில நான் சொல்லிக்கறேன்" என்றார் பாஸ்டர். "ஷீட் தள்ளிப் போகுதுன்னு பொதுவா சொன்னா போதும். உங்க பேர் வராது."

வள்ளி யோசித்தாள். அது எவ்வளவு சுளுவான வழி! யாருக்கும் தெரியாது. ஆனால் முப்பதாயிரம் வந்தது எல்லோருக்கும் தெரியும். கூரை வராவிட்டால் பணம் எங்கே போனது என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள்.

"அப்பறம் நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னு சொல்லுவாங்க பாஸ்டர். ஊர் வாய மூட ஒலைமூடி கெடையாது. ஞாயித்துக்கெழம சபை முன்னாடி எந்திரிச்சு நானே சாட்சி சொல்றேன்."

"சிஸ்டர், இதப் போயி யாராவது சாட்சியா..."

"நான் சொல்றேன்" என்றாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குமேல்தான் பாஸ்டர் தன் பழைய பைக்கில் பணத்தோடு புது வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பன்னிரண்டுக்கு ராகு காலம் பிறக்கிறது என்று அழகிரி வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அந்த முப்பதாயிரத்தை அவன் கையால் தொடவில்லை. "நீயே குடு" என்றான். மிச்சத்தோடு சேர்த்து வள்ளியே சர்ஃபராஸிடம் கொடுத்தாள். அவர் எண்ணிப் பார்த்து, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, சாவியை நீட்டினார். பால் பொங்கியது. பாஸ்டரை அழகிரி போக விடவில்லை; அவர் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து, பக்கத்தில் நின்றான். "எங்க கோயில் ஆளுங்கன்னா இப்படிக் குடுத்திருக்க மாட்டாங்க சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "கேட்டிருக்கவும் மாட்டோம்" என்று சேர்த்துக்கொண்டான்.

அதற்கப்புறம் மூன்று ராத்திரியும் வள்ளி தூக்கத்தில் எழுந்து இளவேனிலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ச்சியாகத்தான் இருந்தது. மூன்றாவது ராத்திரி இளவேனில் கண்ணைத் திறக்காமலே, "அம்மா, தூங்க விடும்மா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் மின்விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசியது. சாட்சி நேரம் வந்தது. வீசா கிடைத்ததற்கு ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார், மூட்டு வலி போனதற்கு ஒரு அம்மா சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அல்லேலூயா எழுந்தது. அப்புறம் வள்ளி எழுந்தாள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போன வாரம் கூரைக்கு முப்பதாயிரம் வந்துச்சுன்னு பாஸ்டர் சொன்னாங்கல்ல, அது நான் போட்டது. அது என் பணம் இல்ல. ஒத்திப் பணம், எங்க வீட்டுக்காரரோட அப்பா நெலத்த வித்தது. அவர்கிட்ட கேக்காம எடுத்துப் போட்டேன். செவ்வாக்கெழம பாஸ்டர்கிட்டப் போயி திருப்பிக் கேட்டேன். குடுத்துட்டாங்க. அதனாலதான் ஷீட் வரல. பாஸ்டர் மேல தப்பு இல்ல."

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாய் நிற்கவில்லை.

"எல்லாரும் கர்த்தர் குடுத்ததச் சொல்லுவாங்க. நான் வாங்கிட்டுப் போனதச் சொல்றேன். எடுத்துட்டுப் போனா புள்ளைய என்னமாச்சும் பண்ணிடுவாரோன்னு பயந்து செத்தேன். ஒண்ணும் பண்ணல. நான்தான் அவரத் தப்பா நெனச்சிருந்தேன். இனிமே சம்பளத்துல குடுப்பேன். முடிஞ்சதக் குடுப்பேன். முடியாத மாசம் முடியலன்னு சொல்லுவேன்."

அல்லேலூயா எதுவும் எழவில்லை. பாஸ்டர் மைக்கை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாட்டுப் பாடுவோம்" என்றார். வள்ளிக்குக் காது இரண்டும் எரிந்தது. வெட்கமாக இருந்தது. நெஞ்சில் எட்டு வருஷமாக அழுத்திக்கொண்டிருந்த ஒன்று இல்லாததுபோலவும் இருந்தது.

ஆராதனை முடிந்ததும் வழக்கமாக வந்து கட்டிப்பிடிக்கிற இரண்டு பேர் இவளைப் பார்க்காமல் போனார்கள். போகட்டும் என்று நினைத்துக்கொண்டு வாசலில் செருப்பை மாட்டினாள். பின்னாலிருந்து இருசம்மாள் வந்து முழங்கையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏ தாயி, நெசமாலுமே குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க ஆத்தா."

"திட்டலயா? சாபம் கீபம் எதுவும்?"

"எதுவும் இல்ல."

இருசம்மாள் அக்கம்பக்கம் பார்த்தாள். காதைத் தொட்டாள். காதில் தோடு இல்லை, ஓட்டையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது. "போன வருசம் கூரைக்குன்னு கழட்டிப் போட்டேன். பேத்தி கல்யாணத்துக்கு வச்சிருந்தது. அன்னைலேருந்து மகன் என்கூடப் பேசுறதில்ல" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள், செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டே செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து நின்றிருந்தார்கள்.

"பாஸ்டர்கிட்டப் பேச்ச எப்படி எடுத்த? மொத வார்த்த என்னன்னு மட்டும் சொல்லிக் குடு தாயி, மிச்சத்த நான் பேசிக்கிறேன்."